ஆறு வெள்ளை உறைகள்

மரியாதைத் துறைக்கு ஒரே ஒரு வேலைதான். படையில் உழைத்தவர் ஒருவர் இறந்துபோனால், ஆறு பேர் அவர் வீட்டு வாசலில் வரிசையாக நின்று, ஆறு துப்பாக்கிகளை வானத்தைப் பார்க்கத் தூக்கி, மூன்று முறை வெற்று வெடி வெடித்து அவரை வழியனுப்ப வேண்டும். இந்த வேலைக்காக மூன்று மாடிக் கட்டடம், ஒரு இயக்குநர், ஒரு துணை இயக்குநர், ஒழுங்காகப் புல் வெட்டிய மைதானம், வாசலில் தூங்குவதற்கு ஒரு காவலாளி எல்லாம் இருந்தன. வேலையை மட்டும் பல வருஷங்களாக யாரும் செய்யவில்லை.

சோம்பல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. விதி அப்படி. மரியாதை பெறுகிறவரே நேரில் வந்து விண்ணப்பிக்க வேண்டும் என்பது முதல் விதி. மரியாதை பெறுகிறவர் இறந்திருக்க வேண்டும் என்பது இரண்டாவது விதி. இரண்டையும் ஒருசேர நிறைவேற்றிய ஆள் இன்னும் வந்து சேரவில்லை என்று இயக்குநர் ஒவ்வொரு ஆண்டறிக்கையிலும் வருத்தப்பட்டு எழுதுவார். மக்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்வார்.

அந்தத் துறையில் துப்பாக்கி அறைக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லாரும் உறைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் கேலியாக வைத்த பெயர். அவர் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்வதற்குக் காரணமும் இருந்தது. வருஷா வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு ஆய்வாளர் வருவார். அறையைத் திறந்து காட்டினால், சுவரோரம் ஆறு துப்பாக்கிகள் ஆறு வெள்ளைத் துணி உறைகளுக்குள் கஞ்சி போட்ட விறைப்போடு நிற்கும். ஒரு சுருக்கம் இருக்காது. ஆய்வாளர் விரலால் ஒரு தையலைத் தடவிப் பார்ப்பார். "உறையே இப்படின்னா உள்ள இருக்கிறது எப்படி இருக்கும்!" என்று வியந்துவிட்டு, தேநீர் குடிக்கப் போய்விடுவார். சிறந்த பராமரிப்புக்கான விருது அந்த அறைக்கே தொடர்ந்து வந்தது. சுவரில் சட்டம் போட்டு மாட்ட இடம் போதாமல், கடைசி இரண்டையும் மேசை இழுப்பறையில் வைத்திருந்தார்.

சுருக்கமே இல்லாமல் உறை நிற்பதற்கு உறைக்காரர் தாமே கண்டுபிடித்த முறை ஒன்று உண்டு. உறையைத் துவைத்து, கஞ்சி போட்டு, முழுக்கக் காய விடக் கூடாது. அரை ஈரமாக இருக்கும்போதே துப்பாக்கிக்கு மாட்டிவிட வேண்டும். அது துப்பாக்கியின் மேலேயே காய்ந்து, அதன் உடம்போடு உடம்பாக ஒட்டிக்கொள்ளும். இதற்கு முன் யாருக்கும் இது தோன்றவில்லை. வேறு ஊர்க் கிளைகளிலிருந்து ஆட்கள் வந்து இதைக் கற்றுக்கொண்டு போனார்கள். அவர் ஒரு பயிற்சி வகுப்பே நடத்தினார். அதில் யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் பதில் தெரிந்திருக்காது.

இதே மனிதர் வீட்டில் வேறு ஆள். ஒரு நாள் மனைவி இரும்பு வாணலியைக் கழுவி ஈரத்தோடு மூடி வைத்துவிட்டாள் என்று ரகளை பண்ணினார். "இரும்பை ஈரத்தோட மூடலாமா? துருப்பிடிக்காதா? இது ஒரு சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே!" என்று வீடு அதிரக் கத்திவிட்டு, வாணலியைத் தாமே துடைத்து, எண்ணெய் தடவி, காற்றாடக் கவிழ்த்து வைத்துவிட்டு அலுவலகம் போனார். அன்றுதான் உறைகளுக்குக் கஞ்சி போடும் நாள்.

அந்த வீட்டில் மாமனாரும் இருந்தார். படையில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. ஆனால் சண்டை நடந்த இடத்துக்கெல்லாம் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனவர். ஓய்வு பெறும்போது மற்றவர்கள் பதக்கம் வாங்கிக்கொண்டு வந்தார்கள், அவர் பழைய இரும்பு அண்டா ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டின் பின்பக்கம் கொட்டகையில் அது கவிழ்ந்து கிடக்கும். வாரா வாரம் எண்ணெய் தடவுவார். சோறு வெந்ததும் கரண்டியால் அந்த அண்டாவை மூன்று தட்டு தட்டுவாராம். எங்கே இருந்தாலும் படை வரிசையில் வந்து நின்றுவிடுமாம்.

"எத்தன வருஷம் மூணு தட்டு தட்டி அவங்கள கூப்பிட்டேன், மாப்ள! ஒருத்தன் வராம இருந்ததில்ல. கடைசியா அவங்க எனக்கு மூணு தட்டு தட்டி அனுப்பட்டுமே. வேற என்ன கேக்கறேன்?" என்பார்.

அவர் ஆசைப்பட்டது அந்த மூன்று வெடிக்கு மட்டும்தான். மருமகனே அந்தத் துறையில் இருப்பதால் அதில் அவருக்குச் சந்தேகமும் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அடிக்கடி விசாரிப்பார்.

"துப்பாக்கி எல்லாம் எப்படி இருக்கு, மாப்ள?"

"கண்ணாடி மாதிரி வச்சிருக்கேன் மாமா. முகம் பார்க்கலாம்."

உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், உறைக்காரர் அந்தத் துப்பாக்கிகளின் முகத்தை முறைப்படி பார்த்ததே இல்லை. உறை மாற்றும்போதுகூட, பழைய உறையை உருவிய கையோடு புது உறையை இழுத்துவிடுவார். கண் முழுக்கத் தையல் நேராக வருகிறதா என்பதிலேயே இருக்கும்.

மாமனார் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு மரியாதைத் துறைக்குப் போய் இயக்குநர் முன் உட்கார்ந்துவிட்டார். உறைக்காரரை அவசரமாகக் கூப்பிட்டனுப்பினார்கள். அவர் ஓடி வந்தபோது பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"செத்தவரே நேர்ல வந்து கேக்கணும்னு சொல்லி இத்தன பேரைத் திருப்பி அனுப்பிட்டீங்களாமே. அதான் முன்னாடியே வந்துட்டேன்," என்றார் மாமனார்.

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

"ஐயா, ரெண்டு நிபந்தனையில ஒண்ண நீங்க பூர்த்தி பண்ணிட்டீங்க. இந்தத் துறை வரலாற்றுல இவ்வளவு தூரம் வந்தவர் நீங்க ஒருத்தர்தான்."

"இன்னொண்ணு?"

"அதுல துறை அவசரப்படுத்தாது. உங்க சௌகரியப்படி பண்ணலாம்."

மாமனார் திருப்தியோடு வீட்டுக்குப் போனார். கொள்கை அளவில் ஒப்புதல் கிடைத்துவிட்டது. இயக்குநர் அன்று மாலையே உறைக்காரரிடம், துப்பாக்கிகளை வெளியே எடுத்து ஒரு தடவை இயக்கிப் பார்க்கும்படி சொன்னார். ஒரு சடங்குக்காகத்தான் சொன்னார். உறைக்காரரும் சடங்குக்காகத்தான் போனார்.

முதல் உறையை உருவினார். வரவில்லை. இழுத்தார். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தத்தோடு வந்தது. உள்பக்கம் முழுக்கச் செம்மண் நிறத்தில் கறை. தரையில் பொடி உதிர்ந்தது. உறைக்கு உள்ளே நின்ற பொருளை அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். கிணற்றிலிருந்து எடுத்த குழாய் போல இருந்தது. தோட்டா போடும் பூட்டைப் பின்னால் இழுத்தார். அசையவில்லை. காலை ஊன்றி இழுத்தார். அவர்தான் அசைந்தார்.

யாரோ துப்பாக்கிகளை மாற்றி வைத்துவிட்டார்கள் என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியது. ஆறையும் பார்த்தார். ஆறும் ஒரே மாதிரி. அப்போதுதான் வாணலி ஞாபகம் வந்தது. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும் என்று தாம் கத்தியது ஞாபகம் வந்தது. சுவரில் இருந்த விருதுகள் அத்தனையும் தம்மைப் பார்த்து இளிப்பது போல இருந்தது. தம்மைப் போல ஒரு மடையனுக்கு இத்தனை விருது கொடுத்த துறை எவ்வளவு பெரிய மடத்தனமான துறையாக இருக்க வேண்டும் என்று யோசித்தார். அதில் கொஞ்சம் ஆறுதலும் கிடைத்தது.

நேரே துணை இயக்குநரிடம் போனார். எண்ணெய் அவர் பொறுப்பில் இருந்தது.

"எண்ணெய் எதுக்கு?" என்றார் துணை இயக்குநர்.

"துப்பாக்கி துடைக்கணும் சார்."

"துப்பாக்கிய எப்போ துடைக்கணும்? கையேட்டுல என்ன இருக்கு?"

"சுட்ட பிறகு துடைக்கணும்னு இருக்கு சார்."

"நீங்க சுட்டீங்களா?"

"துருப்பிடிச்சிருக்கு சார். சுட முடியல."

"சுடலைன்னா துடைக்க வேண்டிய அவசியமே இல்லையே! சுடாத துப்பாக்கியத் துடைச்சா அரசாங்க எண்ணெய் வீணா போகாதா? எத்தனையோ வருஷமா இந்த எண்ணெய்ல ஒரு சொட்டு குறையாம நான் பாதுகாத்துட்டு வர்றேன். நீங்க முதல்ல சுட்டுட்டு வாங்க. கையோட தர்றேன்."

துரு என்ற சொல் துணை இயக்குநரின் காதில் விழுந்ததுதான் தப்பு. மறுநாளே கூட்டம் போட்டுவிட்டார்கள். இயக்குநர் பேசினார்.

"துருவ நாம ஒரு குறையா பார்க்கக் கூடாது. ஒரு பொருள் எதுவும் செய்யாம, யாருக்கும் தொந்தரவு குடுக்காம, இருந்த இடத்துலயே இருந்தா அது மேல ஒரு படலம் வரும். அதுக்குப் பேர் முதிர்ச்சி. என்னையே எடுத்துக்குங்க. இந்த நாற்காலிக்கு வந்த நாள்லேர்ந்து நான் அசையல. என் மேல ஒரு கௌரவம் படிஞ்சிருக்கா இல்லையா?"

எல்லாரும் படிந்திருப்பதாகச் சொன்னார்கள். உறைக்காரரும் தலையாட்டினார். அப்படித் தலையாட்டியதற்காக அன்று சாப்பாட்டு வேளையில் தம்மைத் தாமே திட்டிக்கொண்டார், ஆனால் மனதுக்குள்தான்.

தலைநகரிலிருந்து ஒரு துரு நிபுணரை வரவழைத்தார்கள். வந்தவர் கையுறை போட்டுக்கொண்டார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ஒரு துப்பாக்கியை மோந்தும் பார்த்தார். பிறகு எல்லாரையும் உட்கார வைத்து விளக்கினார்.

"துருவுல மூணு வகை உண்டு. வேலை செஞ்சு வர்றது வேலைத் துரு. சும்மா இருந்து வர்றது ஓய்வுத் துரு. மூணாவது நிர்வாகத் துரு. இது பொருளுக்குள்ளேர்ந்து வராது, மேலேர்ந்து இறங்கும். ரொம்ப உறுதியானது. இவ்வளவு தரமான நிர்வாகத் துருவ நான் இதுக்கு முன்னாடி ஒரே ஒரு இடத்துலதான் பார்த்திருக்கேன்."

"எங்க சார்?" என்றார் துணை இயக்குநர் பொறாமையோடு.

"எங்க அலுவலகத்துல."

ஒவ்வொரு துப்பாக்கியிலும் ஒரு அட்டையைக் கட்டினார்கள். துரு ஒன்று, துரு இரண்டு என்று துரு ஆறு வரை. நிபுணர் அறிக்கை வருகிற வரை துரு துறையின் சொத்து, யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு ஆனது. அறிக்கை எப்போது வரும் என்று உறைக்காரர் கேட்டார். அவசரப்பட்டால் துரு தன் இயல்பை மாற்றிக்கொள்ளும் என்றார் நிபுணர்.

அன்று வீட்டில் மாமனார் வழக்கம்போலக் கேட்டார், "துப்பாக்கி எப்படி, மாப்ள?" உறைக்காரர் "கண்ணாடி, மாமா," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா எழுந்து போனதும் சமையலறைக்குள் அவரை நிறுத்தினாள்.

"பொய் சொல்றீங்க. பொய் சொல்லும்போதுதான் நீங்க நடுவுல தண்ணி குடிப்பீங்க. என்ன ஆச்சு?"

சொன்னார். அரை ஈரத்தில் உறை மாட்டியதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிப்போனது. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சுவரில் தொங்கிய வாணலியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"இந்த வாணலிக்காக என்னை எப்படித் திட்டுனீங்க, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அது போகட்டும். அப்பா இதுவரைக்கும் யார்கிட்டயும் எதுவும் கேட்டதில்லங்க. எனக்குக்கூட ஒரு கஷ்டமும் வைக்கல. அவருக்கு அந்தச் சத்தம் கேக்கணும். அவ்வளவுதான். நீங்க எனக்கு ஒரு சேலைகூட வாங்கித் தர வேணாம், இது ஒண்ணு செஞ்சா போதும்."

உள்ளே போய்த் தன் தையல் மிஷினுக்கு ஊற்றும் எண்ணெய்க் குப்பியையும், பாத்திரம் தேய்க்கிற மெல்லிய கம்பி நாரையும், கிழிந்த பனியன் துணியையும் கொண்டுவந்து அவர் பையில் திணித்தாள்.

அடுத்து வந்த நாட்களில் அலுவலகம் முடிந்து எல்லாரும் போன பிறகு உறைக்காரர் அறையை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான்காவது துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தார். அதுதான் இருந்ததில் கொஞ்சம் நல்ல துரு. பூட்டின் இடுக்குகளில் எண்ணெய் சொட்டு சொட்டாக விட்டு ஊற வைத்தார். மறுநாள் மரக்கட்டையால் மெதுவாகத் தட்டினார். நகர்வேனா என்றது. மறுபடியும் எண்ணெய். மறுபடியும் தட்டு. அன்று மாலை அது ஒரு முனகலோடு பின்னால் வந்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துறையில் ஒரு பொருள் அசைந்ததை அவர் முதன்முறையாகப் பார்க்கிறார்.

கம்பில் துணியைச் சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுத்தார். முதல் துணி செங்கல் பொடியாக வந்தது, பிறகு பழுப்பாக, பிறகு சாம்பலாக, கடைசியில் துணி துணியாகவே வந்தது. துப்பாக்கியின் மரப்பிடியைக் கழற்றினால் அதன் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் துரு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. எண்ணெய் தொட்டுக் கம்பி நாரால் அழுத்தாமல் தேய்த்துத் தேய்த்து அதையும் எடுத்தார். அங்கங்கே அம்மைத் தழும்பு போலப் பள்ளம் விழுந்திருந்தது. அது இனி போகாது. ஆனால் குழல் உள்ளே தெளிவாக இருந்தது. விசையை அழுத்தினால் டக்கென்று விழுந்தது.

அந்த டக் சத்தத்தை அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். விருது வாங்கிய நாட்களில்கூட அவருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. வீட்டுக்குப் போய், "கண்ணாடி மாதிரி இருக்கு மாமா," என்றார். நடுவில் தண்ணீர் குடிக்கவில்லை. மனைவி சிரித்தாள்.

ஆனால் நிபுணர், உறைக்காரரின் போதாத காலம், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் திரும்பி வந்துவிட்டார். அட்டைகளைச் சரிபார்த்தார். துரு ஒன்று இருந்தது. இரண்டு, மூன்று இருந்தன. நான்காவது அட்டையில் துப்பாக்கி மட்டும்தான் தொங்கியது.

"துரு நாலு எங்க?" என்றார் நிபுணர்.

இயக்குநர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

விசாரணை அவர் அறையிலேயே நடந்தது. உறைக்காரர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். துருவை எடுத்துவிட்டேன், துப்பாக்கி இப்போது சுடும் என்றார். பாராட்டுவார்கள் என்று ஒரு மூலையில் நினைத்தார் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அத்தனை வருஷம் வேலை பார்த்தும் அவருக்குத் துறையைப் புரியவில்லை.

"ஆறு துருன்னு மேலிடத்துக்குச் சொல்லியாச்சு. இப்ப அஞ்சுதான் இருக்குன்னா, ஒரு துருவ யாரோ எடுத்துட்டுப் போயிட்டதா ஆகாதா?" என்றார் துணை இயக்குநர்.

"துப்பாக்கி சுடுது சார். எங்க மாமனாருக்கு..."

இயக்குநர் கையை உயர்த்தினார். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உங்க மாமனார் உயிரோட இருக்கிறதும் இல்லாததும் உங்க குடும்ப விஷயம். துரு, துறை விஷயம். துறையில ஒரு விசாரணை நிலுவையில இருக்கிற வரைக்கும் எந்த மரியாதைக்கும் ஒப்புதல் செல்லாது. இருந்தது இருந்தபடி வந்துட்டா விசாரணையும் இல்ல. அவர் ஒப்புதலும் பத்திரமா இருக்கும். நான் சொல்றது புரியுதா?"

புரிந்தது. மாமனாருக்கு மூன்று வெடி வேண்டுமென்றால், வெடிக்கிற ஒரே துப்பாக்கியை மறுபடி துருப்பிடிக்க வைக்க வேண்டும். ஒப்புதல் போய்விட்டால் துப்பாக்கி இருந்தும் பயன் இல்லை. ஒப்புதல் இருந்தால் துப்பாக்கியைப் பிறகு ஒரு நாள் மறுபடி துடைத்துக்கொள்ளலாம். மாமனார் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார், இன்னும் பல வருஷம் இருப்பார். இப்படிக் கணக்குப் போட்டு, தாம் கோழை இல்லை, யோசித்து நடக்கிறவர் என்று தம்மைத் தாமே சமாதானப்படுத்திக்கொண்டார்.

எதையும் அரைகுறையாகச் செய்வது உறைக்காரருக்குப் பிடிக்காது. உறையைத் துவைத்தார். கஞ்சியோடு ஒரு கை உப்பையும் சேர்த்தார். பூட்டின் இடுக்கில் உப்புத் தண்ணீரைச் சொட்டு சொட்டாக விட்டார், எண்ணெய் விட்ட அதே பொறுமையோடு. முழு ஈரமாகவே உறையை மாட்டினார். துரு இவ்வளவு சீக்கிரம் திரும்பி வரும் என்று அவரே நினைக்கவில்லை. நிபுணர் வந்து பார்த்துவிட்டு, பழைய துருவை விட ஒரு படி மேல் என்று கையெழுத்துப் போட்டார். விசாரணை கைவிடப்பட்டது. ஒப்புதல் பத்திரமாக இருந்தது. வீட்டில் அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிடும்போது நிறையத் தண்ணீர் குடித்தார்.

மாமனார் இரண்டாவது நிபந்தனையை அந்த வாரமே பூர்த்தி செய்துவிட்டார். சாப்பிட்டு முடித்து, கொட்டகைக்குப் போய் அண்டாவுக்கு எண்ணெய் தடவிவிட்டு, நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை துறையே திரண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் முதல் மரியாதை அல்லவா! தெருவெல்லாம் ஆட்கள். மாமனாரோடு படையில் இருந்த கிழவர்கள் சிலர் தடியூன்றிக்கொண்டு எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். மெல்லிய தூறல். துப்பாக்கி தூக்க ஆள் போதாததால் உறைக்காரரும் அணியில் நின்றார். துணை இயக்குநர் பார்த்துத்தான் கொடுத்தாரோ என்னவோ, அவர் கையில் நான்காவது துப்பாக்கி. மனைவி அப்பாவின் காலருகே உட்கார்ந்து, அழுகைக்கு நடுவே அந்தத் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது சுடும் என்று தெரியும். அவர்தான் சொல்லியிருந்தாரே. அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்பதை விடத் தாமும் மாமனாரோடு படுத்துக்கொண்டால் தேவலை என்று உறைக்காரருக்கு இருந்தது.

இயக்குநர் பேசினார்.

"மறைந்த பெரியவர் இந்தத் துறைக்குச் செய்த சேவை மகத்தானது. அவர் சாவின் மூலம் எங்களுடைய ஆண்டறிக்கைக்கு ஒரு புது வாழ்வு கிடைத்திருக்கிறது. இவரைப் பார்த்து மற்றவர்களும் முன்வர வேண்டும்."

பிறகு ஆணை பிறந்தது. ஆறு வெள்ளை உறைகள் உயர்ந்தன. உறையோடுதான். துருவை வெளியாட்கள் பார்க்கக் கூடாதல்லவா.

"சுடு!"

ஒன்றும் நடக்கவில்லை. தூறல் விழுகிற சத்தம் கேட்டது.

"சுடு!"

ஒரு குழந்தை எங்கோ அழுதது.

"சுடு!" என்று மூன்றாவது முறை கத்திவிட்டு, "மரியாதை இனிதே நிறைவுற்றது," என்றார் இயக்குநர்.

கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் தமக்குத்தான் காது கேட்கவில்லை என்று நினைத்துக் காதைத் தட்டிப் பார்த்தார். மனைவியின் அழுகை நின்றுவிட்டது. உறைக்காரரைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள், "ஏங்க, சத்தம் வரலியே?"

உறைக்காரர் துப்பாக்கியை அப்படியே சுவரில் சாய்த்து வைத்தார். வரிசையை விட்டு வெளியே வந்தார். பின்னாலிருந்து துணை இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டது காதில் விழுந்தது. வீட்டைச் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். அண்டா கனமாக இருந்தது. தரையில் இழுக்காமல், வயிற்றோடு அணைத்துத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்து மாமனாரின் காலடியில் வைத்தார். பெரிய இரும்புக் கரண்டியை எடுத்தார்.

தட்டினார். தெரு முழுக்க அதிர்ந்தது. பதற்றத்தில் பலமாகவே தட்டிவிட்டார். மரத்திலிருந்து காக்கைகள் எழுந்தன. இரண்டாவது தட்டு. மூன்றாவது தட்டு. மூன்றாவது சத்தம் அடங்க வெகு நேரம் ஆயிற்று.

அப்போது கூட்டத்தில் ஏதோ அசைந்தது. தடியூன்றி நின்ற கிழவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து வந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஒருவர் பின்னால் ஒருவராக, நேர் வரிசையாக அண்டாவுக்கு முன்னால் வந்து நின்றார்கள். முதலில் நின்றவர் இரண்டு கையையும் சோற்றுத் தட்டு பிடிக்கிற மாதிரி நீட்டிவிட்டார். நீட்டிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கையை இழுத்துக்கொள்ளவில்லை. அப்படியே குனிந்து, படுத்திருந்தவரின் காலைத் தொட்டுவிட்டு நகர்ந்தார். அடுத்தவர் வந்தார். ஒருவர்கூட வராமல் இருக்கவில்லை.

மனைவி அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதாள். உறைக்காரர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, உப்பு போட்ட கதையை முழுதும் சொல்லிவிட்டார். அவள் அவர் கையை விலக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. "அண்டா நனையுது. அப்பா இதை ஈரத்தோட விடமாட்டார்," என்றாள்.

இயக்குநர் மகிழ்ச்சியோடு உறைக்காரரின் தோளைத் தட்டினார்.

"மூணு சத்தம் கேட்டது. எல்லாரும் சாட்சி. துறைக்கு வெற்றி. இந்த அண்டாவ நாம எடுத்துக்கலாம்னு தோணுது. வருஷக்கணக்கா உழைக்கும். நல்லதா ஒரு வெள்ளை உறை மட்டும் தைச்சிடுங்க, அளவு எடுத்துக்குங்க."

உறைக்காரர் எழுந்து போய் நான்காவது துப்பாக்கியின் உறையை உருவினார். அதைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு அண்டாவின் ஈரத்தைத் துடைக்க ஆரம்பித்தார். வெளிப்பக்கம் முழுக்கத் துடைத்தார். உள்ளே கையை விட்டு அடிவரை துடைத்தார். கஞ்சி விறைப்பு போய், வெள்ளை போய், உறை கரியும் எண்ணெயுமாகக் கந்தலானது.

"ஐயோ, உறை! உறை!" என்று கதறினார் இயக்குநர். அன்று காலையிலிருந்து அவர் குரலில் வந்த உண்மையான துக்கம் அதுதான்.

உறைக்காரர் நிமிர்ந்து பார்க்கவில்லை. மனைவியிடம் எண்ணெய் கேட்டு வாங்கி, உறையிலேயே தொட்டு, அண்டா முழுக்கத் தடவினார். தூறல் படாத இடமாகப் பார்த்துத் தூக்கிப் போய், காற்றாடக் கவிழ்த்து, எதையும் போட்டு மூடாமல் வைத்தார்.